காந்தம் வச்சுப் பாத்த மாப்பிள்ளை

அந்தக் காந்தத்த முதல்ல பைக்குள்ள போடுங்க தம்பி. போடுங்க. என் கடையில எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க, உரசிப் பாருங்க, கடிச்சுக்கூடப் பாருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். காந்தம் மட்டும் வேண்டாம். கோவம் இல்ல தம்பி. எனக்குக் கோவமே வராது. இந்தத் தூத்துக்குடியில யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சரி, கேக்க வேண்டாம். நான்தான் சொல்லுதேன்லா, அது போதும்.

யாரு சொல்லிக் குடுத்தா? போன்ல வீடியோ பாத்தீங்களோ? காந்தம் ஒட்டுனா போலி, ஒட்டலன்னா அசல் எஸ்.எஸ், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. அதானே? நானும் இருவது வருசம் அதையேதான் ஓதிக்கிட்டுக் கெடந்தேன். செண்பகவடிவு கடையில காந்தம் தொடாத போல்ட் கெடையாதுன்னு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் பேரு. அந்தப் பேரோட லட்சணத்த இன்னைக்கு நாலு மணிக்குப் பாக்கப் போறீங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க.

எங்க போடப் போறீங்க போல்ட்ட? அதச் சொல்லாம நான் சரக்கு எடுக்க மாட்டேன். ஊஞ்சலுக்கா? பால்கனியிலயா? வீடு கடக்கரைப் பக்கமா? உக்காரப் போறது யாரு, பிள்ளையளா? மாமியாரா! மதுரையில இருந்து வாராவளா? அது சரி. மாமியார் உக்காருத ஊஞ்சலுக்கு எட்டு எம்எம் போல்ட் கேட்டு வந்தீங்களே, உங்க தைரியத்துக்குக் கும்பிடு போடணும். பன்னெண்டு எம்எம் தாரேன். நட்டும் எஸ்.எஸ்ஸுதான். வாஷர் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, சும்மா தாரேன். ஏன்னு பெறகு சொல்லுதேன்.

நாலு மணிக்கு விருந்தாளி வாராவ தம்பி. அவிய வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டா என் மக கல்யாணம் நடக்கும். குடிக்கலன்னா நடக்காது. அதுவரைக்கும் நீங்க எனக்குத் துணைக்கு இருக்கணும். என் மக அனுசுயா கண்டிசனா சொல்லிட்டா: "அம்மா, நீ கடையில உக்காரு, வாயத் தொறக்காத." சும்மா உக்காந்திருக்க எனக்கு வராது. அதான் உங்கள்ட்ட கொஞ்சம் பேசித் தீத்துருதேன்.

சித்திரை பொறந்து நாலாம் நாள் அனுவப் பொண்ணு பாக்க வந்தாவ. மாப்பிள்ளை பேரு இசக்கிராஜன். பூர்வீகம் நம்ம சாத்தான்குளம் பக்கந்தான், பொழைக்கப் போயி ரெண்டு தலைமுறையா கோயம்புத்தூர்ல கெடக்காவ. அங்கன சின்னதா ஒரு பட்டறை. என்ன பட்டறை தெரியுமா? எஸ்.எஸ் போல்ட் அடிக்கிற பட்டறை! தரகர் வந்து சொன்ன அன்னைக்கு எனக்குப் பூரிச்சுப் போச்சு. மாப்பிள்ளையும் சரக்கும் ஒரே வீட்டுல இருந்து. கும்பிடப்போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி.

அப்போ கடலுக்குத் தடைக்காலம். ரெண்டு மாசம் விசைப்படகெல்லாம் கரையேறி நிக்கும், ரிப்பேரு, பெயிண்ட்டுன்னு எங்களுக்கெல்லாம் அதான் தீவாளி. மச்சாது அண்ணாச்சின்னு ஒரு படகுக்காரரு, எங்க கடைக்குப் பழைய வாடிக்கை. வலை இழுக்கிற வின்ச்ச மாத்தி வைக்கப் போறேன், நூத்தி இருவது போல்ட் வேணும் வடிவு, உப்புத் தண்ணியில நிக்கணும், சுமையும் தாங்கணும்னு சொல்லியிருந்தாவ. சரி, மாப்பிள்ளை வீட்டுலயே வாங்கிருவோம்னு நான் மனசுக்குள்ள முடிச்சுப் போட்டுட்டேன்.

வந்தாவ. பூவு, பழம், ஸ்வீட்டு எல்லாம் தட்டுல. அதோட ஒரு தகர பிஸ்கட் டப்பா. பையன்தான் கொண்டுவந்து என் கையில குடுத்தான். "அத்தைங்க, நம்ம பட்டறையில அடிச்சதுங்க, உங்களுக்குக் காட்டலாம்னு கொண்டாந்தேனுங்க." எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. தொறந்து பாத்தா போல்ட். எண்ணெய் போட்டுத் துடைச்சு, காகிதம் விரிச்சு அடுக்கியிருக்கு. பொண்ணு பாக்க வாரவன் போல்ட் கொண்டு வருவானா தம்பி? எனக்கு அப்பவே அவனப் பிடிச்சிப் போச்சு. அதையும் சொல்லணும்லா.

பிடிச்சிப் போச்சுன்னாலும் தொழில்னு ஒண்ணு இருக்கு. இடுப்புல காந்தம் இருந்துது. எங்க மாமனார் பழைய ஒலிபெருக்கியில இருந்து கழட்டி எனக்குக் குடுத்த காந்தம், கறுப்பா, வட்டமா, தோசைக் கரண்டி அகலத்துக்கு இருக்கும். கை தன்னால போச்சு. ஒரு போல்ட்ட எடுத்து வச்சுப் பாத்தேன்.

ஒட்டுச்சு.

பச்சக்குன்னு இல்ல, லேசா. தூக்குனா நழுவி விழுந்திரும், அந்த அளவுக்கு. ஆனா ஒட்டுச்சு. எங்க வீட்ல அவிய பக்கத்துல இருந்து மெதுவாச் சொன்னாவ: "வடிவு, நீ மாப்பிள்ளையப் பாக்கியா, போல்ட்டப் பாக்கியா?" நான் சொன்னேன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெதுவாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுட்டு.

பையன் பதறல. பொறுமையாச் சொன்னான்: "இல்லீங்க அத்தை. கம்பியச் சூடு பண்ணாம, குளிரவே அடிச்சுத் தலை எடுக்கறோமுங்க. திருகு மரையும் வெட்டறதில்லை, உருட்டித்தான் எடுக்கறோம். அடி வாங்குன இடம் கொஞ்சமா காந்தத்துக்கு இழுக்குமுங்க. அந்த அடியிலதான் அதுக்குப் பலமே கூடுது." நான் கேட்டனா? எத்தனை வியாபாரி எத்தனை கதை சொல்லியிருப்பான் எனக்கு. "தம்பி, நான் இந்தக் கடைக்கு வாக்கப்பட்டு வரும்போது நீ பொறந்துகூட இருக்க மாட்ட"ன்னேன். அதுவும் கணக்குப் பாத்தா தப்புதான். அவன் பொறந்து ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எனக்குக் கல்யாணமே.

வாய் நிக்குமா? "போல்ட்டுலயே கலப்படம்னா குடும்பத்துல எப்படியோ"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரியும், சொல்லியிருக்கக் கூடாதுன்னு.

அவன் அம்மா எந்திரிச்சாவ. நல்ல உசரம், நெத்தி நிறைய திருநீறு. கையில குடுத்த தண்ணிச் செம்ப அப்படியே கீழ வச்சாவ. "எம் மவன ஆணி மாதிரி காந்தம் வச்சுப் பாத்த வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வாசல்ல இறங்கிட்டாவ. டப்பாவ மூடி நானே அவன் கையில திருப்பிக் குடுத்தேன். அவன் போகும்போது உள் ரூம் பக்கம் ஒரு தடவ பாத்தான். அனு கதவுப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தா.

அவிய போன பெறகுதான் இடுப்பத் தடவிப் பாக்கேன், காந்தத்தக் காணும்! கொண்டு போயிட்டான் தம்பி. என் மாமனார் காந்தத்தக் கொண்டு போயிட்டான். தெரு பூராச் சொன்னேன், பொண்ணு பாக்க வந்தவன் காந்தத்தத் திருடிட்டுப் போயிட்டான்னு. பெறகு புதுசா ஒண்ணு வாங்குனேன். அந்த ராசி இதுல இல்ல.

என் மக அழல. அழுதாக்கூட நான் சமாளிச்சிருப்பேன். நான் சோதிச்ச போல்ட் ஒண்ணு முறுக்குத் தட்டுக்குள்ள விழுந்து கெடந்துருக்கு. அத எடுத்துக் கழுவுனா. அவ கெமிஸ்ட்ரி படிச்சவ பாத்துக்கிடுங்க, எம்.எஸ்.ஸி. "அம்மா, இதுல தலையில எழுதியிருக்கே, படிச்சியா?"ன்னு கேட்டா. மனுசனுக்குத் தலையெழுத்து யாருக்கும் தெரியாது, போல்ட்டுக்குத் தலையிலயே அடிச்சிருப்பாங்க. ஏ நாலு, எம்பது. ஏ நாலுன்னா கடல் உப்புக்கு நிக்கிற வகை, நம்ம கடைப்பேச்சுல முந்நூத்திப் பதினாறு. எம்பதுன்னா பலம். நான் படிக்கல. நான் எங்க படிச்சேன், காந்தம் இருக்கையில கண்ணாடி எதுக்கு?

மச்சாது அண்ணாச்சிக்குச் சரக்கு குடுக்கணும்லா. மதுரைப் பக்கத்து வியாபாரி ஒருத்தன் வந்தான். போல்ட்டுல அப்படியே மூஞ்சி தெரியும், அப்படிப் பளபளப்பு. தலையில ஒரு எழுத்தும் கெடையாது, மொட்டைத் தலை. புதுக் காந்தத்த வச்சேன். துளி ஒட்டல. போல்ட்டுன்னா இதுல்லா போல்ட்டுன்னு நூத்தி இருவதையும் எடுத்துக் குடுத்தேன். அனுவ வேற கூப்பிட்டுக் காட்டுனேன், பாத்துக்கோட்டின்னு.

அவ அந்த நூத்தி இருவதோட வந்ததுல மிச்சம் ஒண்ண எடுத்துக்கிட்டுப் போனா. ஊறுகாய் பாட்டில் ரெண்டு எடுத்தா. கடத்தண்ணி மோந்துட்டு வந்து ஊத்தி, ஒண்ணுல அந்தப் பையன் போல்ட்டு, ஒண்ணுல என் போல்ட்டு. அடுக்களை ஜன்னல்ல வச்சுட்டா. தினம் காலையில எடுத்து வெயில்ல காய வைப்பா, சாயங்காலம் மறுபடி உள்ள போடுவா. பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி. நான் தாளிக்கும்போதெல்லாம் அந்த ரெண்டு பாட்டிலும் என்னையே பாத்துக்கிட்டிருக்கும். ஒரு நாள் தெரியாமக் கை பட்டுத் தட்டிவிட்ட மாதிரி தட்டிவிட்டுரலாமான்னுகூட நெனச்சேன். செய்யல. நல்லவதான் நான்.

இருவது நாள்ல என் போல்ட்டு இருக்கிற தண்ணி காப்பி நெறத்துக்கு வந்துட்டு. அந்தப் பையன் போல்ட்டு அப்படியே கெடக்கு, புதுமணப் பொண்ணு கணக்கா. "தண்ணி அழுக்கா இருந்துருக்கும்"னேன். அவ ரெண்டையும் ஒரே குடத்துலதான் மோந்தா. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்பத்தான் சொன்னா. சோறு பிசைஞ்சு சாப்புட்டுக்கிட்டே சொன்னா, பாடம் எடுக்கிற மாதிரி இல்ல. எஸ்.எஸ் துரு பிடிக்காததுக்குக் காரணம் குரோமியமாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் மாதிரி மேல படிஞ்சிருக்குமாம், கீறல் விழுந்தாலும் தானா மூடிக்கிடுமாம். கடல் உப்பு அந்தத் தோல்ல ஓட்டை போடும், அதத் தடுக்க மாலிப்டினம்னு ஒண்ணு சேக்கணுமாம். அது சேந்ததுதான் முந்நூத்திப் பதினாறு. இந்த மொட்டைத் தலையில நிக்கலக் கொறச்சு மாங்கனீஸ அள்ளிப் போட்டுருக்கான். அதுக்கும் காந்தம் ஒட்டாது. ஆனா கடக்காத்துக்கு நிக்காது. "ஒட்டுறது ஒட்டாதது இல்லம்மா விசயம்"னா. நான் ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போச்சு. மூணு வாரம் இருக்கும், மச்சாது அண்ணாச்சி இந்த வாசல்ல வந்து நின்னாவ. கையில ஒரு சோத்து டப்பா. தொறந்து இந்த மேசையில கொட்டுனாவ. பதினேழு போல்ட்டு. துரு ஒழுகிக் கெடக்கு. "முடுக்கிப் பாத்தேன் வடிவு, ஒரு தலை ஸ்பேனரோட கையில வந்துட்டு. நல்லவேளை கரையில வச்சுப் பாத்தேன். நடுக்கடல்ல வலை ஏத்தும்போது வின்ச்சு பிச்சுக்கிட்டுப் போயிருந்தா, பக்கத்துல நிக்கிறது என் மவன்தான்"னாவ. சத்தம் போடல. சத்தம் போட்டுருந்தா நானும் பதிலுக்குப் போட்டுருப்பேன். அந்தப் பையன் மச்சாது அண்ணாச்சிக்கு ஒரே பிள்ளை. நான் காந்தம் வச்சுப் பாத்து, கை கூசாம எடுத்துக் குடுத்த போல்ட்டு அது.

அனு உள்ள இருந்து ரெண்டு பாட்டிலையும் கொண்டாந்து அந்தப் பதினேழுக்குப் பக்கத்துல வச்சா. வச்சுட்டுப் போயிட்டா. அவ்ளோதான். அண்ணாச்சி சுத்தமா இருந்த போல்ட்ட எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. "இது யாரு சரக்கு? இதக் குடுக்க வேண்டியதுதான?"ன்னாவ.

அன்னைக்கே போன் போட்டேன் கோயம்புத்தூருக்கு. மன்னிப்பு கேக்கத்தான் போட்டேன். மணி அடிக்குது. அவன் எடுத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நூத்தி இருவது போல்ட்டு வேணும்"னு சொல்லிட்டேன். வாய் அப்படிப் பழகிப் போச்சு. மேடம்னு கூப்பிடுவான், இல்ல போன வைப்பான்னு நெனச்சேன். "பதினாறு எம்எம்முங்களா அத்தை?"ன்னான். அத்தைன்னான் தம்பி. நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன்.

நாலாம் நாள் லாரியில வந்துட்டு. அண்ணாச்சி படகுல எல்லாத்தையும் கழட்டி நானே நின்னு மாத்திக் குடுத்தேன். மரைக்குக் கிரீஸ் தடவித்தான் முடுக்கணும்னு பொட்டிக்குள்ள ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தான். நீங்களும் கேட்டுக்கிடுங்க, ஊஞ்சலுக்கும் அதான். எஸ்.எஸ் மேல எஸ்.எஸ்ஸக் காய்ஞ்சபடிக்கு வேகமா முடுக்குனா, ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கிட்டு நின்னுரும். பெறகு முன்னயும் போகாது, பின்னயும் வராது, அறுத்துத்தான் எடுக்கணும். மெதுவா, கிரீஸு போட்டு. அவசரப்படக் கூடாது. இதெல்லாம் நான் எல்லாருக்கும் சொல்லுவேன்.

அடுத்த வாரம் மறுபடி போன் போட்டேன், கல்யாண விசயம் பேசத்தான். நட்டு இருநூறு ஆர்டர் பண்ணிட்டு வச்சுட்டேன். அதுக்கடுத்த வாரம் எப்படியும் கேட்டுரணும்னு சாமி கும்பிட்டுட்டுப் போட்டேன். வாஷர் ஆயிரம். அதுக்கடுத்து ஸ்ப்ரிங் வாஷர். இப்பத் தெரியுதா உங்களுக்கு ஏன் வாஷர் சும்மா தாரேன்னு? ரெண்டு வருசத்துக்குக் கெடக்கு. எங்க வீட்ல அவிய சொன்னாவ, இன்னும் ரெண்டு போன் போட்டா கடைக்கு மாடி எடுக்கணும்னு.

அஞ்சாவது தடவ நான் வாயத் தொறக்க முந்தி அவனே கேட்டான். "அத்தை, வாஷர் போதுமுங்க. ஆடி முடியட்டும். ஆவணியில அம்மாவக் கூட்டிட்டு வரட்டுங்களா?" அவன் "அத்தை, இருக்கீங்களா"ன்னு கேக்கான், நான் போனப் பிடிச்சுக்கிட்டே காலண்டர்ல ஆவணியத் தேடுதேன். "அம்மா வர்றேன்னு சொல்லீருக்காங்க. தண்ணி குடிக்கறேன்னு மட்டும் இன்னும் சொல்லலீங்க"ன்னான். சிரிக்கான் வேற.

அதான் தம்பி. இன்னைக்கு ஆவணி மூணு. மணி என்ன? நாலே காலா? நான் மட்டும் என்ன அன்னைக்கு ஊரு உலகத்துல இல்லாததயா செஞ்சிட்டேன்? தொழில் தெரிஞ்ச எவளும் செய்வா. சரி, எவளும் செய்ய மாட்டா. இவனப் பாத்த அன்னைக்கே நல்ல பையன்னு எனக்குத் தெரியும். நான் பாத்த மாப்பிள்ளைதான இது? அனுவா பாத்தா? பாட்டில்ல பாத்தது வேற.

கார் சத்தம். ஏட்டி அனு! நான் ஒண்ணும் பேசலட்டி, போல்ட்டுக்குத்தான் ஆள் வந்துருக்கு! எந்திரிக்காதீங்க தம்பி, இருங்க, நீங்க போயிட்டா எனக்குக் கை காலு ஓடாது.

வாங்க, வாங்க. வாங்க மதினி. கடை வழியாத்தான் வரணும், பாத்து வாங்க, படி வழுக்கும். உக்காருங்க மதினி. நிக்கவா? சரி, நில்லுங்க. வாங்க மாப்ள. இது என்னது, பொட்டலம்? எனக்கா? பிரிக்கட்டுமா?

ஆத்தாடி. என் காந்தம்.

என்ன சொல்லுதீங்க மாப்ள? டப்பா தகரத்துல ஒட்டிக்கிட்டே வந்துட்டா? கோயம்புத்தூர் போயிதான் பாத்தீங்களா? நாலு மாசமா எடுத்து வச்சிருந்தீங்களா? கேட்டீங்களா தம்பி? அதுவா போயி ஒட்டியிருக்கு. திருடிட்டான்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க? சொன்னேன். சொன்னேன் மாப்ள. தெரு பூரா சொன்னேன்.

மதினி, அன்னைக்கு நாலு பேரு முன்னாலதான் உங்க பிள்ளைய அப்படிப் பேசுனேன். இன்னைக்கு இந்தத் தம்பி முன்னால சொல்லுதேன், இவரு யாருன்னே எனக்குத் தெரியாது, ஊஞ்சலுக்குப் போல்ட்டு வாங்க வந்தவரு. நான் பேசுனது தப்பு. போல்ட்டுலயும் தப்பு, உங்க பிள்ளை விசயத்துலயும் தப்பு. இத போன்லயே சொல்லத்தான் பாத்தேன். வாஷராத்தான் வந்துது.

தம்பி, இந்தாங்க உங்க நாலு போல்ட்டு. மாப்பிள்ளை பட்டறையில அடிச்சதுதான். என்கிட்டயே ரெண்டு காந்தம் இருக்கு இப்ப, வேணும்னா வச்சுப் பாருங்க. லேசா ஒட்டும். உங்க மாமியாரப் பயப்படாம உக்காரச் சொல்லுங்க.

என்ன மதினி? கேக்கல, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. வெயிலா? ஆமா, சரியான வெயிலு. தொண்டை காயுதா?

ஏட்டி அனு! செம்ப எடுட்டி! தண்ணி கேக்காவ! மதினி தண்ணி கேக்காவ!